சாலையில் உட்கார்ந்து வண்டி எண்ணிவிட்டுப் போனார்கள், அந்தக் கணக்கு எங்கே போகிறது?

உப்புக்காத்து கேட்டது:

எல்லோருக்கும் வணக்கம். கிழக்குக் கடற்கரைச் சாலையில் சாயல்குடிக்கும் ஏர்வாடிக்கும் நடுவில் எங்கள் ஊர். பெயரைப் போடவில்லை. சின்ன ஊர், போட்டால் யார் எழுதியது என்று சாயங்காலத்துக்குள் தெரிந்துவிடும்.

போன மே மாதம் இரண்டு பையன்கள் வந்து, பெரிய சாலையிலிருந்து எங்கள் ஊருக்குப் பிரிகிற விலக்கில் பிளாஸ்டிக் நாற்காலி போட்டு உட்கார்ந்தார்கள். கருவமரத்துக் கிளையில் ஒரு குடையைக் கட்டிக்கொண்டு, மடியில் அட்டையை வைத்து, போகிற வருகிற வண்டிக்கெல்லாம் கோடு போட்டார்கள். நான்கு கோடு நிற்க வைத்து ஐந்தாவதைக் குறுக்கே இழுப்பது, பால்காரர் சுவரில் போடுவாரே அதே மாதிரி. என்ன தம்பி இது என்று கேட்டேன். "டிராபிக் சர்வே அண்ணே, ரிப்போர்ட் மேலே போகும்" என்றார்கள். வெயிலுக்கு அம்மா மோர் கொடுத்தார், குடித்தார்கள், நல்ல பிள்ளைகள். இரண்டு நாள், காலை எட்டுக்கு வந்து மாலை ஆறுக்குப் போய்விட்டார்கள். எனக்கு நினைவு தெரிந்து இது மூன்றாவது தடவை. முன்னால் ஒரு தடவை வேகம் அளக்கிற கருவியோடு வந்தார்கள். இன்னொரு தடவை ஹெல்மெட் போட்டவர் எத்தனை, போடாதவர் எத்தனை என்று குறித்துக்கொண்டு போனார்கள். மூன்று தடவையும் போனதோடு சரி, ஒரு பலகைகூட வரவில்லை.

நான் ஏன் இதைக் கேட்கிறேன் என்றால், எங்கள் குடிதண்ணீர்க் குழாய் சாலைக்கு அந்தப் பக்கம் இருக்கிறது. நம் ராமநாதபுரம் கடற்கரையில் இருப்பவர்களுக்குத் தண்ணீர்த் தள்ளுவண்டியை விளக்க வேண்டியதில்லை, இரும்புக் கம்பியில் ஐந்து குடம், ஆறு குடம் உட்கார்கிற மாதிரி வளையம், கீழே சின்னச் சக்கரம். தண்ணீர் விடிகாலை நாலு மணிக்கு வரும். இரண்டு வருடத்துக்கு முன்னால் மார்கழியில் எங்கள் சித்தி அந்த வண்டியைத் தள்ளிக்கொண்டு சாலையைக் கடக்கும்போது ஒரு வண்டி அடித்துவிட்டு நிற்காமல் போய்விட்டது. சத்தம் கேட்டு ஓடினேன். சித்தி சாலை ஓரத்து மண்ணில் உட்கார்ந்த மாதிரியே சாய்ந்து கிடந்தார். நீலக் குடம் ஒன்று அப்படியே பிளந்து, தண்ணீர் தார் மேல் ஓடிக்கொண்டிருந்தது, வண்டிச் சக்கரம் மட்டும் தனியாகக் கழன்று பத்தடி தள்ளிக் கிடந்தது. முழங்காலுக்குக் கீழே பிளேட் வைத்தார்கள். இப்போது கம்பு ஊன்றி நடக்கிறார். அடித்த வண்டி எது என்று இன்றுவரை தெரியாது.

அதே இடத்தில்தான் அந்தப் பையன்கள் உட்கார்ந்து எண்ணினார்கள். அரசாங்கம் இதற்கெல்லாம் எவ்வளவு செலவழிக்கிறது, அந்த ரிப்போர்ட்டை எங்களை மாதிரி ஆட்கள் கேட்டால் தருவார்களா, தந்தால் அதை வைத்து எங்கள் விலக்கில் ஏதாவது நடக்க வைக்க முடியுமா? தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

பழைய ரோடு இன்ஸ்பெக்டர் எழுதியது:

தம்பி, 31 வருடம் சாலை ஆய்வாளராக இருந்து ஓய்வு பெற்றவன் நான். நானே நாற்காலி போட்டு எண்ணியிருக்கிறேன், அதனால் கொஞ்சம் நீளமாக எழுதுகிறேன்.

நீங்கள் பார்த்த மூன்றும் வேறு வேறு வேலை. வண்டி எண்ணுவது சாலையின் அகலத்துக்கும் கனத்துக்கும். எத்தனை வண்டி, அதில் எத்தனை பார வண்டி என்று தெரிந்தால்தான் இரண்டு வழி போதுமா, நான்கு வழி வேண்டுமா, தார் எவ்வளவு கனம் போடுவது என்று முடிவெடுக்க முடியும். நம் மாவட்டத்திலேயே பரமக்குடி – ராமநாதபுரம் 46.7 கிலோமீட்டரை நான்கு வழியாக்க 2025 ஜூலையில் மத்திய அமைச்சரவை 1,853 கோடி ரூபாய்க்கு ஒப்புதல் கொடுத்தது. இந்த மாதிரித் திட்டங்களுக்கெல்லாம் இந்த எண்ணிக்கைதான் அஸ்திவாரம், அதனால் வண்டி எண்ணுவதே வீண் செலவு என்று யாரும் சொல்லிவிடக் கூடாது. வேகம் அளப்பது, நூற்றில் 85 வண்டிகள் எந்த வேகத்துக்குள் போகின்றன என்று பார்க்க. ஹெல்மெட் எண்ணுவது, போலீஸ் சோதனையால் பழக்கம் மாறியிருக்கிறதா என்று பார்க்க.

இனி நீங்கள் சொன்னதில் எனக்கு உறுத்துகிற விஷயம். ஊருக்கு வெளியே உள்ள சாலைகளில் வண்டி எண்ணுவதற்கு இந்தியன் ரோட்ஸ் காங்கிரஸ் என்கிற சாலைப் பொறியாளர்கள் அமைப்பு 1972-இலேயே விதி போட்டிருக்கிறது, ஐஆர்சி 9 என்பார்கள். வருடத்துக்கு இரண்டு தடவை, ஒவ்வொரு தடவையும் தொடர்ந்து ஏழு நாள், நாள் முழுக்க 24 மணி நேரம். ஒரு தடவை அறுவடை, சந்தை என்று போக்குவரத்து உச்சத்தில் இருக்கும்போது, இன்னொரு தடவை ஓய்ந்திருக்கும்போது. உங்கள் ஊரில் இரண்டு நாள், பகல் மட்டும், அதுவும் மே மாதம். மே மாதம் நம் கடற்கரையில் என்ன காலம்? மீன்பிடித் தடைக்காலம். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகு கடலுக்குப் போகாது. மீன் வண்டி ஓடாத காலத்தில், மீன் வண்டி ஓடாத பகல் நேரத்தில் உட்கார்ந்து எண்ணினால் உங்கள் சித்தியை அடித்த மாதிரியான வண்டி அந்தத் தாளில் எப்படி வரும்? முழு எண்ணிக்கை வேறு எங்கோ எடுத்திருக்கலாம், இது அதோடு சேர்ந்த சின்ன எண்ணிக்கையாகவும் இருக்கலாம். ஆனால் கேட்க வேண்டிய கேள்வி இதுதான்: எந்த மாதம், எந்த மணிநேரம் எண்ணினீர்கள்?

இன்னொன்று. எண்ணிய வண்டிகளை அப்படியே கூட்ட மாட்டோம், ஒரு காரை 1 என்று வைத்து மற்றதை அதற்கு ஈடாக மாற்றுவோம். பைக் அரை, லாரியும் பஸ்ஸும் 3, டிரெய்லர் வைத்த டிராக்டர் 4.5, மாட்டுவண்டி 8. கைவண்டிக்கும் 3 உண்டு. சாலையில் எவ்வளவு இடத்தை அடைக்கிறது, மற்ற வண்டியை எவ்வளவு தாமதப்படுத்துகிறது என்பதுதான் அந்தக் கணக்கு. அப்படியானால் உங்கள் ஊர்த் தண்ணீர் வண்டிக்கு 3 கிடைக்கும், அதைத் தள்ளிக்கொண்டு போகிற பெண்ணுக்கு அந்தத் தாளில் இடமே கிடையாது. ஆட்கள் சாலையைக் கடப்பதைத் தனியாக எண்ண வேண்டும், அப்படிக் கேட்டால்தான் எண்ணுவார்கள். நான் வேலையில் இருந்த காலத்தில் இது எனக்குத் தோன்றவே இல்லை, இப்போது வருத்தமாக இருக்கிறது. ராத்திரி எண்ணிக்கையை நாங்கள் சில சமயம் பகல் கணக்கை வைத்தே போட்டு நிரப்பியிருக்கிறோம், அதையும் ஒளிக்க விரும்பவில்லை. இரண்டு பேர், லைட் கிடையாது, கொசு, பாம்பு பயம். அது தப்புதான்.

ஐஸ்பெட்டி எழுதியது:

மீன் வண்டி ஓட்டுகிறவன் நான், கீழக்கரை. மண்டபம், பாம்பன் பக்கம் ஏற்றித் தூத்துக்குடிக்கு இந்த ரோட்டில்தான் போவேன். அய்யா சொன்னதில் ஒரு சின்னத் திருத்தம், தடைக்காலத்தில் விசைப்படகுதான் நிற்கும், நாட்டுப்படகும் வள்ளமும் போகும், அந்த மீனுக்கு சின்ன வண்டி ஓடத்தான் செய்யும். பெரிய வண்டி குறைந்துவிடும், அது சரி. விசைப்படகு போகிற காலத்திலும் தினமும் போகாது, வாரத்துக்கு மூன்று நாள்தான், அதனால் இரண்டு நாள் மட்டும் எண்ணினால் அந்த இரண்டு நாள் எது என்பதைப் பொறுத்துக் கணக்கே தலைகீழாக மாறிவிடும்.

எங்களைத் திட்டுவார்கள், வேகமாகப் போகிறார்கள் என்று. போகிறோம். ஏலத்துக்கு முன்னால் போய்ச் சேர்ந்தால் ஒரு விலை, பின்னால் போனால் வேறு விலை, ஐஸ் கரைவதும் நமக்காக நிற்காது. வண்டி முதலாளி மணிக்கொரு தடவை போன் போட்டு எங்கே வருகிறாய் என்பார். அதற்காக ஆளை அடிப்பது நியாயம் ஆகாது, அடித்துவிட்டு நிற்காமல் போனவனை நான் மனிதனாகவே நினைக்கவில்லை. ஆனால் ஓட்டுகிறவன் கண்ணுக்கு என்ன தெரிகிறது என்பதையும் சொல்ல வேண்டும். ஏர்வாடி தாண்டினால் இரண்டு பக்கமும் கருவக்காடு, தார் விளிம்பு வரை கிளை வந்து நிற்கும். வளைவில் எதிர் லைட் வந்தால் கண் கூசும், அந்த ஒரு நொடியில் ஓரத்தில் இருப்பது மரமா ஆளா என்று பிரித்துப் பார்க்க முடியாது. தண்ணீர் வண்டி தரையோடு தரையாக இருக்கும், கறுப்புக் கம்பி, அதில் ஒரு ரிப்ளெக்டர் ஸ்டிக்கர் கிடையாது. எனக்கு எந்தெந்த ஊரில் குழாய் எந்தப் பக்கம் என்று மனப்பாடம், அந்த இடம் வந்தால் கால் தானாக பிரேக்குக்குப் போய்விடும். புதிதாக வருகிற பையனுக்கு யார் சொல்வது?

போலீஸ் சோதனையைப் பற்றியும் ஒரு வார்த்தை. ஊர் நுழைவில் காலை பத்து மணிக்குப் பேரிகேட் போட்டு ஹெல்மெட்டுக்கு 1,000 ரூபாய் எழுதுகிறார்கள். எழுதட்டும், வேண்டியதுதான், என் மச்சான் பையன் ஹெல்மெட்டால்தான் பிழைத்தான். ஆனால் மத்திய அரசு வருடா வருடம் போடுகிற விபத்து அறிக்கையில் அதிக விபத்து நடக்கிற நேரம் மாலை 6 முதல் 9 வரை என்றுதான் வருகிறது. அந்த நேரத்தில், அந்த விடிகாலையில், இந்தக் கருவக்காட்டு வளைவில் ஒருவர் நின்று நான் பார்த்ததில்லை. எங்கே எப்போது நிற்பது என்பதற்கும் ஒரு சர்வே எடுத்தால் நன்றாக இருக்கும்.

தயவுசெய்து ஊர்க்காரர்களே மண்ணையும் கல்லையும் கொட்டி வேகத்தடை போடாதீர்கள். முறையான வேகத்தடை 3.7 மீட்டர் அகலம், 10 சென்டிமீட்டர் உயரம், வெள்ளை பெயிண்ட், முன்னாலேயே எச்சரிக்கைப் பலகை என்று இருக்கும். ஊர் போடுவது ஒரு முழம் அகலத்தில் சுவர் மாதிரி இருக்கும், ராத்திரியில் பைக்காரன் பறந்துபோய் விழுவான். தேசிய நெடுஞ்சாலை என்றால் வேகத்தடையே போடக் கூடாது, வரிவரியாகப் பட்டைக்கோடு போடலாம், டயர் சத்தம் கேட்டே தூக்கம் கலைந்துவிடும்.

துபாய் ராம்நாடு எழுதியது:

எனக்கு இந்த சர்வே, ரிப்போர்ட் எல்லாம் வேண்டாத வேலையாகத்தான் படுகிறது. அந்தப் பணத்துக்கு அந்தக் குழாய்ப் பக்கம் இரண்டு சோலார் லைட் போட்டிருந்தால் முடிந்தது கதை. எங்கள் ஊர் சங்கத்தில் நாங்களே பணம் போட்டு லைட் வைக்கலாம் என்று பேசிக்கொண்டிருக்கிறோம்.

பழைய ரோடு இன்ஸ்பெக்டர் எழுதியது:

நல்ல மனசு தம்பி, லைட் போடுங்கள், ஆனால் நெடுஞ்சாலை இடத்தில் கம்பம் நடுவதற்கு அனுமதி வாங்குங்கள், இல்லாவிட்டால் அந்தக் கம்பத்திலேயே ஒருவன் மோதுவான். சர்வே வேண்டாம் என்பதை மட்டும் ஒப்புக்கொள்ள மாட்டேன். நான் இருந்த ஒரு கோட்டத்தில் கோவில் வாசலில் சத்தம் போட்டுக் கேட்டார்கள் என்று அங்கே லைட் போட்டோம். ஆள் செத்தது அங்கிருந்து அரைக் கிலோமீட்டர் தள்ளிப் பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் பஸ்ஸை விட்டு இறங்குகிற இடத்தில். எண்ணிப் பார்க்காமல் செலவழித்த பணம் அது.

மனுக்கடை எழுதியது:

உப்புக்காத்து அண்ணனுக்கு. நான் ராமநாதபுரத்தில் மனு எழுதிக் கொடுக்கிற கடை வைத்திருக்கிறேன், இந்த மாதிரிக் கேள்வியோடு வாரத்துக்கு நாலு பேராவது வருகிறார்கள். உங்களுக்கு நேராகச் செய்ய வேண்டியதைச் சொல்கிறேன்.

முதலில் சித்திக்கு. அடித்த வண்டி எது என்று தெரியாத விபத்துக்கு அரசே இழப்பீடு தருகிற திட்டம் இருக்கிறது, 2022 ஏப்ரல் 1-இலிருந்து உயிர்ப்பலி என்றால் 2 லட்சம், பலத்த காயம் என்றால் 50,000 ரூபாய். பிளேட் வைத்த காலெல்லாம் பலத்த காயத்தில்தான் வரும். முதல் தகவல் அறிக்கை, ஆஸ்பத்திரிச் சீட்டு எல்லாவற்றையும் எடுத்துக்கொண்டு தாசில்தார் அலுவலகத்திலோ வருவாய்க் கோட்டாட்சியர் அலுவலகத்திலோ இந்த வாரமே போய்க் கேளுங்கள், தள்ளிப் போடாதீர்கள். பல குடும்பங்களுக்கு இது இருப்பதே தெரியாமல் போய்விடுகிறது.

அப்புறம் ஒரு முக்கியமான கேள்வி அண்ணே, அந்த விபத்துக்கு வழக்குப் பதிவானதா? ஏன் கேட்கிறேன் என்றால், தேசிய நெடுஞ்சாலையில் ஒரு இடத்தை விபத்துப் பகுதி என்று சேர்ப்பதற்கு ஒரு அளவு வைத்திருக்கிறார்கள். 500 மீட்டர் நீளத்துக்குள் மூன்று வருடத்தில் உயிர்ப்பலியோ பலத்த காயமோ ஆன விபத்து ஐந்து நடந்திருக்க வேண்டும், இல்லை பத்துப் பேர் இறந்திருக்க வேண்டும். இது போலீஸ் பதிவிலிருந்து எடுக்கிற கணக்கு. இப்போது விபத்து நடந்த இடத்தை போலீசார் செல்போன் செயலியில் இடக்குறியோடு ஏற்றுகிறார்கள், ஐஐடி மெட்ராஸ் சேர்ந்து செய்த ஏற்பாடு அது. நம் ஊர்களில் என்ன நடக்கிறது? தெரிந்தவன் வண்டி, சொந்தக்காரன் வண்டி, சரி விடு என்று டீக்கடையில் உட்கார்ந்து பேசி முடித்துவிடுகிறோம், வைத்தியச் செலவுக்கு ஐயாயிரம் பத்தாயிரம் வாங்கிக்கொள்கிறோம். அப்படிப் பேசி முடித்த விபத்து எந்தக் கணக்கிலும் ஏறாது. உங்கள் விலக்கில் மூன்று வருடத்தில் எத்தனை விபத்து நடந்தது, அதில் எத்தனைக்கு வழக்கு இருக்கிறது என்று ஊரில் உட்கார்ந்து எழுதிப் பாருங்கள். எனக்குத் தெரிந்து ஒரு கடலோர ஊரில் எழுதிப் பார்த்தபோது பாதிக்கு மேல் வழக்கே இல்லை.

இனி ரிப்போர்ட். தகவல் உரிமைச் சட்டம் 2005, 6(1) பிரிவில் மனு, மாநில அரசு அலுவலகம் என்றால் பத்து ரூபாய் கோர்ட் பீஸ் ஸ்டாம்ப் ஒட்டினால் போதும், மத்திய அரசு அலுவலகம் என்றால் அதே தொகைக்குப் போஸ்டல் ஆர்டர் வைக்க வேண்டும், 30 நாளில் பதில் தர வேண்டும். எந்த அலுவலகத்துக்கு என்று குழப்பம் இருந்தால் உங்கள் ஊர்க் கிலோமீட்டர் கல்லைப் பாருங்கள், தலை மஞ்சளாக இருந்தால் தேசிய நெடுஞ்சாலை, பச்சையாக இருந்தால் மாநில நெடுஞ்சாலை. மாற்றி அனுப்பிவிட்டாலும் பயப்பட வேண்டாம், 6(3) பிரிவில் அவர்களே ஐந்து நாளுக்குள் சரியான அலுவலகத்துக்கு அனுப்பி வைக்க வேண்டும். மனுவில் "ஏன் ஒன்றும் செய்யவில்லை" என்று எழுதாதீர்கள், ஏன் என்று கேட்டால் தகவல் இல்லை என்று முடித்துவிடுவார்கள். ஆவணமாகக் கேளுங்கள். இன்ன கிலோமீட்டரில் இன்ன மாதம் நடந்த போக்குவரத்துக் கணக்கெடுப்பின் பணி ஆணை நகல், ஒப்பந்தத் தொகை, பில் தொகை, மணிவாரியாக எண்ணிய தாள்களின் நகல், அதன்மேல் எடுத்த முடிவின் நகல். செலவு எவ்வளவு என்ற உங்கள் முதல் கேள்விக்கு பணி ஆணையிலேயே பதில் இருக்கும். மணிவாரித் தாளை விட்டுவிடாதீர்கள். அய்யா சொன்ன மாதிரி ராத்திரிப் பக்கம் காலியாக இருந்தால் அது அங்கேதான் தெரியும்.

மாவட்டத்துக்கு ஒரு சாலைப் பாதுகாப்புக் குழு இருக்கிறது, கலெக்டர்தான் தலைவர், நெடுஞ்சாலை, போலீஸ், ஆர்டிஓ எல்லாரும் அதில் உட்காருவார்கள். திங்கட்கிழமை குறைதீர்க்கும் நாளில் மனுக் கொடுக்கும்போது "இந்தக் குழுவின் கூட்டத்தில் வைக்கவும்" என்று ஒரு வரி எழுதிவிடுங்கள். கிராம சபையில் தீர்மானமும் போடுங்கள், வருடத்துக்கு ஆறு கிராம சபை நடக்கிறது, அடுத்தது எதுவோ அதில். வாயால் சொல்லிவிட்டு வந்துவிடாமல் தீர்மானப் புத்தகத்தில் எழுதுகிறார்களா என்று நின்று பார்த்துவிட்டு வாருங்கள்.

ஒன்று மனசில் கிடந்து உறுத்துகிறது, எழுதிவிடுகிறேன். தமிழ்நாட்டில் 2023-இல் மட்டும் சாலையில் இறந்தவர்கள் 18,347 பேர். 2021 டிசம்பரில் வந்த இன்னுயிர் காப்போம் திட்டத்தில் அடிபட்டவருக்கு முதல் 48 மணி நேரத்துக்கு ஒரு லட்சம் வரை அரசு செலவழித்தது, அதனால் பிழைத்தவர்களை நான் பார்த்திருக்கிறேன், கையெடுத்துக் கும்பிடலாம். அடிபட்ட பிறகு ஒரு ஆளுக்கு லட்ச ரூபாய் கொடுக்க மனசு இருக்கிற அரசாங்கத்திடம், அடிபடுவதற்கு முன்னால் கருவமரத்தை வெட்டுங்கள், குழாயை இந்தப் பக்கம் மாற்றுங்கள் என்று கேட்பதற்கு நாம் ஏன் தயங்க வேண்டும்?

உப்புக்காத்து எழுதியது:

எல்லாருக்கும் நன்றி. மனுக்கடை தங்கச்சி, சித்திக்கு வழக்குப் பதிவாகியிருக்கிறது, எப்ஐஆர் நகல் பீரோவில் இருந்தது, நேற்று எடுத்து வைத்துவிட்டோம். இழப்பீடு இருக்கிறது என்று இத்தனை நாள் ஒருத்தரும் எங்களிடம் சொல்லவில்லை. வியாழக்கிழமை சித்தியை ஆட்டோவில் கூட்டிக்கொண்டு தாசில்தார் அலுவலகம் போகிறோம்.

கல்லைப் போய்ப் பார்த்தேன், தலை மஞ்சள். தகவல் மனு எழுதிவிட்டேன், நீங்கள் சொன்ன ஐந்தையும் வரிசையாகக் கேட்டிருக்கிறேன். அதோடு தடைக்காலம் முடிந்த பிறகு எண்ணிய கணக்கு ஏதாவது இருந்தால் அதன் நகலையும் கேட்டிருக்கிறேன், அது இன்ஸ்பெக்டர் அய்யா சொன்னது.

ஊர்க் கணக்கும் எடுத்தோம். ராத்திரி சாப்பாட்டுக்குப் பிறகு படிப்பக வாசலில் எட்டுப் பேர் உட்கார்ந்தோம். மூன்று வருடத்தில் நடந்ததை ஒவ்வொன்றாகச் சொல்லச் சொல்ல எழுதிக்கொண்டே போனேன். கருப்பட்டி வாங்கப் போன கிழவர், பஸ் இறங்கிய பிள்ளை, ஆடு குறுக்கே வந்து விழுந்த பைக், எங்கள் சித்தி. எழுதும்போதுதான் பார்த்தேன், எல்லாமே குழாயிலிருந்து வளைவு வரைக்கும் உள்ள அந்த ஒரு துண்டுக்குள். வழக்கு இருப்பதற்குப் பக்கத்தில் ஒரு புள்ளி வைத்தேன். புள்ளி இல்லாததுதான் அதிகம்.

ஐஸ்பெட்டி காக்கா (அண்ணே), உங்கள் பேச்சைக் கேட்டு ராமநாதபுரத்திலிருந்து சிவப்பு ரிப்ளெக்டர் ஸ்டிக்கர் ஒரு ரோல் வாங்கி வந்தேன். ஊரில் மொத்தம் இருபத்து மூன்று தள்ளுவண்டி. பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளை வைத்து எல்லாவற்றுக்கும் முன்னால் ஒன்று, பின்னால் ஒன்று, சக்கரத்துக்கு ஒன்று என்று ஒட்டியாகிவிட்டது. நீங்கள் அடுத்த தடவை இந்தப் பக்கம் வரும்போது தூரத்திலேயே தெரிகிறதா, எத்தனை அடியில் தெரிகிறது என்று பார்த்துச் சொல்லுங்கள். தெரியவில்லை என்றால் பெரிய ஸ்டிக்கராக வாங்கி ஒட்டுகிறேன்.

ஐஸ்பெட்டி எழுதியது:

சனிக்கிழமை ராத்திரி லோடு இருக்கிறது. உங்கள் விலக்குக்கு நாலு மணிக்கு முன்னால் வந்துவிடுவேன், யாராவது ஒரு வண்டியைக் குழாய்ப் பக்கம் நிறுத்தி வையுங்கள், பார்த்துவிட்டு எழுதுகிறேன்.